வடித்தலும் காய்ச்சி வடித்தலும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வடிகட்டிய தண்ணீரைக் கார் பேட்டரியில் ஊற்றலாமா?
பதில்: கூடாது. வடிகட்டி துரும்பைத்தான் நிறுத்தும். கரைந்த உப்பு அதன் வழியே இறங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரே, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த நீரே வேண்டும்.

கேள்வி: செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெயை எப்படி எடுக்கிறார்கள்?
பதில்: வாடவிட்ட இலையை அண்டாவுக்குள் ஓட்டைத் தட்டின்மேல் அடுக்கி, அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டால், மேலேறும் ஆவி இலையிலிருக்கும் எண்ணெயையும் சுமந்துகொண்டு குழாய்க்குள் போகும். தனியாகக் கொதிக்க 200 டிகிரிக்கு மேல் கேட்கும் அந்த எண்ணெய், நீராவியோடு சேரும்போது 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எழுந்துவிடுகிறது. குளிர்நீர்த் தொட்டியில் மூழ்கிய சுருள்குழாயின் நுனியில் துளித்துளியாக விழுவதைப் போத்தலில் பிடித்து வைத்தால், சற்று நேரத்தில் மஞ்சள் படலம் மேலே மிதக்கும். சித்த மருத்துவத்தில் இத்தகைய கருவிக்கு வாலை என்று பெயர். ஓமத் தீநீர் (ஓம வாட்டர்) இறக்குவதும் இந்த முறையில்தான்.

கேள்வி: சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் காய்ச்சும்போது முதலில் இறங்குவதைக் கொட்டிவிட்டால் ஆபத்தில்லையாமே?
பதில்: தம்பி, அதை நம்பாதீர்கள். நச்சான மெத்தனால் 64.7 டிகிரியிலும் மதுவின் போதைப்பொருளான எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கும் என்றாலும், கலவையாக இருக்கையில் இரண்டும் சேர்ந்தே இறங்கும். வெளியிலிருந்து மெத்தனாலைக் கலந்திருந்தால் நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது. 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்டனர். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அப்படிப் பார்வையிழந்த ஒருவரைக் கைபிடித்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். குடித்தவருக்குப் பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கவிதை வடித்தார் என்பது, காய்ச்சிச் சாரத்தை எடுத்தார் என்ற பொருளில்தானே?
பதில்: இல்லை. வெள்ளம் வடிகிறது, சோறு வடிக்கிறோம். இவற்றில் நீர் இறங்குகிறதே தவிர ஆவியாக எழுவதில்லை. ‘காய்ச்சி’ சேர்ந்தால்தான் வாலையின் பொருள் வரும். கவிதை வடித்தல், சிலை வடித்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அது உருக்கொடுப்பது. சாரத்தைச் சொல்ல நமக்குப் பிழிவு என்ற நல்ல சொல் இருக்கிறது.

கேள்வி (அதே அன்பர்): அப்படியென்றால் ‘வடிகட்டிய பொய்’?
பதில்: அங்கே உங்கள் பக்கம் நியாயம் உண்டு. உண்மை துளியும் கலவாத பொய் என்பதால் தூய்மை என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆனாலும் அங்கே இருப்பது துணிதான், அடுப்பு இல்லை.

கேள்வி: பேட்டரிக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீர் போதுமா?
பதில்: போதாது. உப்பு பாத்திரத்து நீரிலேயே தங்கிவிடும். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சளிக்கு ஒரு மூடி சம்சு குடிக்கலாமா?
பதில்: கூடாது, அம்மா. ஒரு சொட்டும் வேண்டாம்.