போர்ச் செய்தியில் ஏஐ படம் எப்படி வந்து சேர்கிறது?

"செய்தித்தளமே பொய்ப்படம் போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். பெரும்பாலும் சதியால் அல்ல, அவசரத்தால்.

2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கிரைக்கி செய்தித்தளம் ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. இஸ்ரேல்–காசா போர் என்று கட்டடங்களுக்கு மேல் கரும்புகை எழும் படம், அடோபி நிறுவனத்தின் படவிற்பனைத் தளமான அடோபி ஸ்டாக்கில் விற்பனைக்கு இருந்தது. ஏஐ உருவாக்கியது என்று அங்கே தெளிவாகவே போட்டிருந்தார்கள். ஆனால் சில சிறிய தளங்கள் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, நிஜப்படம்போல் வெளியிட்டன.

ஓட்டை இங்கேதான். அந்த முத்திரை இருப்பது விற்பனைப் பக்கத்தில். படத்தின் மேல் அல்ல. தரவிறக்கியதும் அது வெறும் கோப்பு. இரண்டு தளங்கள் போட்டுவிட்டால், தேடிப் பார்ப்பவருக்கு அதுவே சாட்சியாகவும் தெரியும்! காபிக் கோப்பைக்கும் கைகுலுக்கலுக்கும் இப்படி வாங்கிப் போடும் ஸ்டாக் படம் சரி, குண்டுவீச்சுக்குமா?

வேடிக்கை என்னவென்றால், படங்களின் மூலத்தைப் பதிவுசெய்யும் முயற்சியை 2019-இல் தொடங்கியதும் இதே அடோபிதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது படத்துக்குக் கீழே: எடுத்தவர் பெயர், இடம், தேதி. மூன்றும் இல்லாமல் படம் விற்கும் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், நான் நம்பமாட்டேன்.