கதவைச் சாத்திக்கொள்ள ஒன்றரை மணி நேரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 48 வயது. அம்மாவுக்கு மறதி நோய் என்று உறுதியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு வெளியூரில் வேலை, மகன் விடுதியில் படிக்கிறான். பெங்களூரில் இருக்கும் தம்பி மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். ஞாயிறுதோறும் அழைத்து, "பொறுமையா இரு அக்கா" என்கிறான். இறந்து ஒன்பது ஆண்டுகளான அப்பாவை "வந்துட்டாரா, வந்துட்டாரா" என்று அம்மா நாள் முழுக்கக் கேட்கிறார். சென்ற வாரம் ஒரு மாலையில் பொறுக்க முடியாமல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து உலுக்கிவிட்டேன். விரல் தடம் மறுநாள்வரை இருந்தது. இது சீக்கிரம் முடிந்துவிடாதா என்றும் அன்றிரவு நினைத்தேன். காணொளிகளில் தண்ணீர் குடி, தியானம் செய், நாட்குறிப்பு எழுது என்கிறார்கள். எனக்கு அவை இன்னும் மூன்று வேலைகளாகவே தெரிகின்றன. என்னைக் கவனித்துக்கொள்வது சுயநலமா? இரண்டு ஆண்டுகளாகத் தொடாத வீணையை விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் மறைக்காமல் எழுதிய அந்த மணிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன். முதியவர்களின் தோல் மெல்லியது, சிறிய அழுத்தத்திலும் கன்றிப்போகும். ஆகவே அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லப் போவதில்லை. அடுத்த முறை கை நீளப்போகிறது என்று உணர்ந்த நொடியில், அடுப்பு அணைந்திருக்கிறதா, வாசல் தாழிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுங்கள். அம்மா இரண்டு நிமிடம் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் அந்தக் கோபத்தை உங்கள் குணத்தின் குறையாக எண்ணி மருகுவதை நான் ஏற்கவில்லை. என் தந்தை பக்கவாதத்தில் விழுந்து 14 மாதங்கள் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், இரவில் நான் தொடர்ந்து தூங்கிய மிக நீண்ட நேரம் ஒன்றே முக்கால் மணி. அந்த நாட்களில் ஒருமுறை, காலையில் எனக்காகப் போட்ட காபியை மாலையில் ஜன்னல் திட்டில் கண்டேன். ஏடு படிந்து, அதன் மேல் ஓர் எறும்பு மிதந்தது. அந்த டம்ளரைக் கழுவும்போது தந்தை மீது வந்த ஆத்திரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் செய்த தவறு, அந்த நேரத்தில் இருமியது மட்டுமே. முடிந்துவிடாதா என்று நானும் நினைத்திருக்கிறேன். அதை வெளியில் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின; நீங்கள் ஒரு வாரத்தில் சொல்லிவிட்டீர்கள்.

பராமரிப்பவரின் களைப்பு மனதோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மறதி நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையிலும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த வேறு 13 பெண்களின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களைக் கணக்கிட்டார்கள். 1995இல் வெளியான அந்த ஆய்வில், பராமரிக்கும் பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆயினும் சுயநலமா என்று கேட்கும் எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: தோலே மூடிக்கொள்ளத் திணறும் நிலையில் பொறுமையை மட்டும் எங்கிருந்து சுரக்கச் சொல்வது?

காணொளிகள் மீதான உங்கள் எரிச்சல் நியாயமானது. தண்ணீரும் தியானமும் கெட்டவை அல்ல. ஆனால் அவை நேரம் உள்ளவருக்குச் சொல்லப்படும் யோசனைகள். உங்களிடம் இல்லாதது நேரம். அதை இன்னொருவரின் கைகள்தான் தர முடியும். என் வீட்டில் அது எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரால் நடந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்து ஆறரை வரை தந்தையின் அருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் நான் அந்த ஒன்றரை மணி நேரத்திலும் மருந்துக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் ஓடினேன். அவர்தான் ஒருநாள், "கடைக்குப் போறதா இருந்தா நான் வரலை" என்று கறாராகச் சொன்னார். பிறகு வாய்க்கால் கரையில் போய்ச் சும்மா உட்காரப் பழகினேன்.

எனவே தம்பி இந்த ஞாயிறு அழைக்கும்போது, பொறுமையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும், மாதத்தில் எந்த இரண்டு நாட்கள் அவன் வந்து அம்மாவுடன் இருப்பான் என்று தேதி சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். வர இயலாதென்றால், தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வந்து இருக்கும் ஓர் உதவிப் பெண்ணுக்கான சம்பளத்தை அவன் அனுப்பட்டும். மாலை என்று நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: மறதி நோயில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றமும் குழப்பமும் கூடும். விளக்கைச் சற்று முன்பாகவே ஏற்றிவிடுங்கள். இந்தப் பதற்றம் திடீரென்று அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

"வந்துட்டாரா" என்ற கேள்வியைப் பற்றியும் ஒரு சொல். அல்சைமர் வகை மறதி நோயில் மூளையில் முதலில் பழுதாகும் இடங்களுள் ஒன்று, புதிய நினைவைப் பதியவைக்கும் பகுதி. நீங்கள் சொன்ன பதில் அம்மாவிடம் சேரவே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகத்தான் கேட்கிறார். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் அந்தச் சாவும் அவருக்கு அப்போதுதான் நடக்கும். "அப்பாவுக்கு எந்தச் சட்டை பிடிக்கும்?" என்று பேச்சை அவர் பக்கமே திருப்பிவிட்டால், உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

தூக்கமும் பசியும் அற்றுப்போய் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, முடிந்துவிடாதா என்ற எண்ணம் உங்கள் உயிரின் பக்கம் திரும்பினாலோ, அந்த நொடியே 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் தொடர்பான உதவிகளுக்கு 14567 என்ற எண் உண்டு.

வீணையை விற்க வேண்டாம். பழகிய பாட்டைக் கேட்டால் மறதி நோயாளிகள் அமைதியாவார்கள், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையாகவே பலருக்குப் பயன்படுகிறது. எனினும் அதற்காக எடுத்தால் வீணையும் இன்னொரு பணிவிடையாகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுருதி பிசகினாலும் கேட்க ஆளில்லாமல் வாசியுங்கள். தந்திகளை மட்டும் முதலில் மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் உறைக்குள் கிடந்தவை முறுக்கும்போதே அறுந்துவிடக்கூடும்.