பழைய காசு, பழைய சிலை வாங்கலாமா, விக்கலாமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

சென்னைல 85ல எரிஞ்சுபோன பழைய மூர் மார்க்கெட்ல தான் என் மொத காச வாங்கினேன், அன்னிலேர்ந்து வண்ணாரப்பேட்டைல உக்காந்து சேத்துட்டு இருக்கேன். ஏரியா ஏரியாவா கேட்டவங்களுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கொருக்குப்பேட்டை: அண்ணே, ரோட்டோர கடைல சோழர் காசு 200 ரூபாங்கறான். வாங்கினா கேஸ் ஆவுமா?

சேக்கறதுக்கு வெச்சுக்கலாம் தம்பி, காச கட்டாயம் பதிவு பண்ணணும்னு இல்ல. ஆனா 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின காசு தொல்பொருள், அத வியாபாரமா விக்க லைசன்ஸ் வேணும், ஃபாரினுக்கு நீயா அனுப்பவே கூடாது, அனுப்பினா ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரை ஜெயில். எங்க கெடச்சதுன்னு கேளு, அவன் இழுத்தான்னா வெச்சுட்டு வந்துடு.

தண்டையார்பேட்டை: கடக்கால் தோண்டும்போது கலயத்துல காசு வந்துச்சு தம்பி, மேஸ்திரி யாருக்கும் சொல்லாம பங்கு போட்டுக்கலாம்ங்கறார்.

வேணாம்க்கா. 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே கலெக்டருக்கு எழுதி குடுக்கணும், ஆபீஸ் நம்ம ராஜாஜி சாலைல தான். மறைச்சா ஒரு வருஷம் வரை ஜெயில். காச புளி போட்டு தேய்ச்சிடாதீங்க, கலயத்தயும் தூக்கி போடாதீங்க, எது எதோட எவ்ளோ ஆழத்துல கெடந்துச்சுங்கறது தான் சரித்திரம், பிரிச்சு வித்துட்டா வெறும் செம்பு.

காசிமேடு: பில்லு இருந்தா நல்ல பொருள் தானே? ஃபாரின் மியூசியத்துல சிலை பத்திரமா தானே இருக்கும்?

அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதைய கேளுங்க. பூஜை இல்லாம பூட்டிக்கெடந்த கோயில்லேர்ந்து திருடி, நியூயார்க் சிலை வியாபாரி சுபாஷ் கபூர் மூலமா 2008ல ஆஸ்திரேலியா தேசிய கேலரிக்கு அம்பது லட்சம் டாலருக்கு மேல வித்தாங்க. 1972 சட்டம் வர்றதுக்கு முன்னாடியே இந்தியாவ விட்டு போன சிலைன்னு காட்ட பேப்பரும் இருந்துச்சு, அத்தனையும் பொய். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல இருந்த பழைய போட்டோவோட ஒத்துப்பார்த்து தான் குட்டு ஒடஞ்சுது, 2014ல சாமி திரும்பி வந்தார், 2022ல இன்னொரு கோயில் சிலைத் திருட்டு கேஸ்ல கும்பகோணம் கோர்ட் கபூருக்கு பத்து வருஷம் ஜெயில் குடுத்துச்சு. அதனால பில்லு மட்டும் போதாது, யார்கிட்டேர்ந்து யார்கிட்ட வந்துச்சுன்னு ஒவ்வொரு கையா விசாரிக்கணும். பத்திரம்ங்கறீங்களே, மாசி மாசம் திருவொற்றியூர் தியாகராஜர் மாட வீதி வரும்போது வாசல் தெளிச்சு கோலம் போட்டு நிக்கறோம்ல, அந்த ஊர்க்காரங்களுக்கும் அப்படித்தான்யா அவங்க சாமி, கண்ணாடிப் பொட்டில இருந்தா யாருக்கு பத்திரம்? எனக்கு இதுல ரெண்டு பேச்சு கெடையாது.

திருவொற்றியூர்: தாத்தா காலத்து வெண்கல அம்மன் பூஜைல இருக்கு சார், என்ன பண்ணணும்?

100 வருஷம் தாண்டியிருந்தா பதிவு அதிகாரிகிட்ட பதிவு பண்ணிடுங்க, செயின்ட் ஜார்ஜ் கோட்டைல தொல்லியல் துறை ஆபீஸ்ல போய் விசாரிச்சா வழி சொல்வாங்க. பின்னாடி கை மாத்தினாலும் அவங்களுக்கு தெரிவிக்கணும். இன்னிக்கே போட்டோ எடுங்க சார், முன்பக்கம், முதுகு, பீடம், பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு. நடராஜர மீட்டு குடுத்ததே ஒரு போட்டோ தான்.