கன்னியர் மடமா, பார்மசியா?

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டோடு இருக்கிறேன். அருட்சகோதரியாக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை, நான்தான் மூத்தவள். பார்மசி படி என்கிறார்கள். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்ய?

பதில்: இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்தாக வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இல்லை. பார்மசி நான்கு வருடப் படிப்பு. அதை முடித்துவிட்டுப் போனாலும் மடம் உங்களைச் சேர்த்துக்கொள்ளும். பட்டமோ வேலை அனுபவமோ இருப்பவர்களையே விரும்பும் சபைகளும் உண்டு.

படிப்புச் செலவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடைக்க முடியாத கடன் உள்ளவரைத் துறவு சபையில் சேர்க்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 644). பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் எடுத்தால், அதை அடைக்க வேலை பார்க்கும் வருடங்களையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையோடு கட்டாயச் சேவை ஒப்பந்தம் வந்தால் அதற்கும் இதே கணக்குதான்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். மடத்துக்குப் போன பெண் திரும்ப வரமாட்டாள் என்பதே அநேக தாய்மாருக்குப் பெரிய பயம். சட்டம் சொல்லும் காலக்கணக்கை அவரிடம் விளக்குங்கள். முதலில் அறிமுகப் பயிற்சி. அடுத்து நவதுறவு என்ற பயிற்சிக் காலம்: குறைந்தது 12 மாதம், கூடினால் 2 வருடம். அதில் எந்த நாளிலும் வெளியேறலாம். பிறகு எடுக்கும் முதல் வார்த்தைப்பாடும் (துறவு வாக்குறுதி) 3 முதல் 6 வருடம் வரைதான். அந்தக் காலம் முடிந்ததும், புதுப்பிக்க மனமில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம். வாழ்நாள் முழுதுக்குமான நித்திய வார்த்தைப்பாடு இவ்வளவுக்கும் பிறகுதான்.

வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்பது அடுத்த கவலை. இதைச் சுயநலம் என்று தள்ளிவிடாதீர்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் துறவு சபையில் சேர்ந்தபோது சொந்தக் குடும்பமே அவரைப் பிடித்து ஏறக்குறைய ஒரு வருடம் அடைத்து வைத்தது. அப்படிப்பட்டவரே, பிள்ளையின் துணையில்லாமல் பிழைக்க முடியாத நிலையில் பெற்றோர் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுத் துறவுக்குப் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஆகவே அப்பாவின் இ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்பு, வீடு, தம்பி தங்கைகளின் படிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்றால் அந்தத் தாளே அப்பாவிடம் பேசும். முடியாது என்று தெரிந்தால் சில வருடம் தள்ளிப்போடுங்கள். நிஜமான அழைத்தல் அதனால் அணைந்துவிடாது.

ஆசை உறுதியானதா என்று பார்க்க ஓர் ஆன்மிக வழிகாட்டி வேண்டும். ஈப்போ பக்கத்தில்தானே, மாதம் ஒருமுறை போய்வரலாம். தியானம் முடிந்து வந்த சூட்டிலோ, வீட்டில் சண்டை போட்ட இரவிலோ எதையும் முடிவு செய்யாதீர்கள். மனம் சோர்ந்திருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் விதி. பெற்றோரோடு சண்டை இல்லாத நாளிலும் அந்த ஆசை அதே அளவு இருக்கிறதா என்று கவனியுங்கள். சில சமயம் எதிர்ப்பே ஆசையை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

எந்தச் சபை என்பதும் முக்கியம். ஏழைகளின் சிறிய சகோதரிகள் முதியோரைப் பராமரிக்கிறார்கள். பார்மசி படிப்பு அங்கே நேராகவே உதவும். சிரம்பானில் இருப்பது போன்ற கார்மேல் மடம் அடைபட்ட மடம், சகோதரிகள் பொதுவாக வெளியே வராமல் உள்ளேயே ஜெபத்தில் வாழ்வார்கள். பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து பார்க்க முடியாது. பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போனால் எத்தனை நாள் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று ஒவ்வொரு சபையிலும் நேராகக் கேளுங்கள். சபைக்குச் சபை பதில் மாறும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: பங்கு ஃபாதரை வீட்டுக்கு அழைத்துவந்து உங்களுக்காக வாதாட வைப்பது. ஃபாதர் முன்னால் அம்மா மறுத்துப் பேசமாட்டார். கோபம் முழுக்க உங்கள் மேல் திரும்பும். அதற்குப் பதிலாக, சபை வாழ்க்கையை அறிமுகப்படுத்தும் 'வந்து பாருங்கள்' முகாமுக்குப் போகும் முன்பே அம்மாவை ஒருநாள் மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ் பேசும் மூத்த சிஸ்டர் ஒருவரோடு அவரை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் வெளியே இருங்கள்.