அப்பாவின் 50 மிமீ லென்ஸை விற்க வேண்டாம்

வணக்கம். அப்பாவின் நிக்கோன் எஃப்எம்2 ஃபிலிம் கமரா பழுதாகிவிட்டது, நிக்கோனின் இசட் டிஜிட்டல் கமரா வாங்கினால் பழைய கமராவின் 50 மிமீ லென்ஸ் வீண்தானே என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை, தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்! எஃப்எம்2இல் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மிமீ. இசட் கமராவில், ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதியும் சென்சர் வரை 16 மிமீதான். லென்ஸ் பழைய தூரத்திலேயே இருக்கும்படி, மீதி 30.5 மிமீயை இடையில் பூட்டும் அடாப்டர் நிரப்பிவிடும். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். நல்லூர்த் தேர்க் கூட்டத்தில் அது சிரமம், ஆறுதலாக எடுக்கும் முகப்படங்களுக்கு அருமை.

அப்புறம், அடாப்டர் வாங்குமுன் டோர்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். நம்மூர் ஈரக்காற்றில், அலுமாரியில் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கலாம். இருந்தால் முதலில் துப்புரவு செய்வியுங்கள். பிறகு தோல் உறையில் வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள்.