கன்றுக்குப் பாலுக்குப் பதிலாக சோயா கலந்த பால்பவுடர் கொடுக்கலாமா?

மூன்று வாரம் ஆகாத கன்று என்றால் வேண்டவே வேண்டாம். அதைத் தாண்டிய கன்றுக்கு, நன்கு பக்குவப்படுத்திய சோயா என்றால், பாலோடு கலந்து சிறிது சிறிதாகப் பழக்கலாம். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கன்று குடிக்கும் இரண்டரை லிட்டரையும் பால் சங்கத்தில் ஊற்றினால் தவிட்டுக்காவது ஆகுமே என்ற கணக்குதான். நானும் அதே கணக்கைப் போட்டவள்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தொழுவத்தில் ஒரே வாரத்தில் இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள் ஈன்றன. இரண்டும் கிடேரிக் கன்றுகள். சீம்பால் முறையாகக் கொடுத்தோம். ஆறாம் நாளிலிருந்து, 'புரதம் 22%' என்று பெரிதாக அச்சிட்ட ஒரு மலிவான பவுடரை வெந்நீரில் கரைத்து ஊட்டினேன். குடித்து முடித்த வாளியின் அடியில் மஞ்சளாக, நெறுநெறுவென்று வண்டல் தங்கும். விரலால் வழித்துப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்தாம் நாள் இரண்டுக்கும் கழிச்சல். வாலெல்லாம் அப்பிக் காய்ந்து, கண் குழிவிழுந்து, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார். சின்னது விடிவதற்குள் போய்விட்டது. மற்றது தாய்ப்பாலுக்குத் திரும்பிப் பிழைத்தது. இன்று அதுவே இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது.

மருத்துவர்தான் மூட்டையைத் திருப்பி நார்ச்சத்து அளவைக் காட்டினார். பாலில் நார் கிடையாது. 0.2 சதவீதத்தைத் தாண்டினால் செடிப்புரதம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கன்றின் நான்காம் இரைப்பையில் தயிர்போல உறைந்து நிதானமாகச் செரிக்கும், சோயா உறையாது. போதாக்குறைக்கு, சரியாகச் சூடுபடுத்தாத சோயாவில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அதன் சில புரதங்கள் இளங்குடலில் ஒவ்வாமையை உண்டாக்கிக் குடலுறிஞ்சிகளையே சிதைத்துவிடும்.

'பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் தெளிவிலுள்ள புரதமும்தான் உறையாது, அது செரிக்கவில்லையா?' என்று கேட்பவர்களுக்கு: செரிக்கும், அது பாலிலிருந்தே வருவது. கோதுமைப் புரதம், ரத்தப் பிளாஸ்மா சேர்த்த பவுடர்களும் உலகில் உண்டு என்று தெரியும். நான் சோயாவுக்கு எதிரி அல்ல. என்ன புரதம் என்று சொல்லாமல் விற்பதற்குத்தான் எதிரி. நார் குறைவு என்பதை மட்டும் வைத்தும் நம்பிவிடாதீர்கள், நன்றாகப் பிரித்தெடுத்த சோயாப் புரதத்திலும் நார் குறைவுதான். உட்பொருட்களைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நான் ஊற்றும் இடத்தில் பாலின் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள், ஆனால் அதை அளக்கும் கருவியின் எண்ணை எங்களுக்குக் காட்டுவதே இல்லை. அதே மாடு, அதே தீவனம், நேற்றுக் காலை 4.3, இன்று காலை 3.6 என்று சீட்டு வருகிறது. கேட்டால் 'நாளைக்கு வேறிடத்தில் ஊற்றிக்கொள்' என்கிறார்கள். நியாயமான விலை வந்தால் கன்றின் வாயிலிருந்து பாலைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்?

உங்கள் கன்று ஏற்கெனவே கழிகிறது என்றால் பவுடரை நிறுத்திவிட்டு இப்போதே மருத்துவரை அழையுங்கள். நான் ஒரு பகல் பொறுத்துப் பார்த்தேன்.