உடலில் கன உலோகம் சேர்ந்திருக்கிறதா என்று முடியைக் கொடுத்துச் சோதிக்கலாமா?

உங்கள் அம்மா மூட்டுவலிக்காகப் பல ஆண்டுகள் செந்தூரம், அதாவது உலோகத்திலிருந்து செய்யும் சித்த மருந்துப் பொடி, சாப்பிட்டு வந்திருக்கிறார். கோலாலம்பூரில் ஒரு நிலையத்தில் முடியையும் சிறுநீரையும் வாங்கி ஈயம், பாதரசம் போன்ற எல்லாக் கன உலோகங்களையும் சோதித்துத் தருவதாகச் சொல்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் நான். அம்மாவுக்குச் சோதனை தேவைதான், ஆனால் அந்தச் சோதனை வேண்டாம்.

முடியில் சாயமும் தூசியும் ஒட்டியிருக்கும். உள்ளிருந்து வந்த உலோகம் எது, வெளியிலிருந்து படிந்தது எது என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. அதைவிட மோசமானது, உலோகத்தை வெளியே இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சிறுநீரைப் பிடிப்பது. அந்த மருந்தைச் சாப்பிட்டால் நலமாக இருப்பவருக்கும் எண் ஏறும். அந்த எண்ணை, மருந்தே சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டு, சிவப்பு மையில் 'அதிகம்' என்று அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். கூடவே 'நச்சு நீக்கும்' ஊசிக்கும் பணம் கேட்பார்கள். பயந்துபோன பிள்ளைகள் கேட்டதைக் கட்டிவிடுகிறார்கள். நச்சியல் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்த முறையை ஏற்பதில்லை. உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஊசியில் தவறான வகையைப் போட்டதால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

எந்த உலோகத்தின்மீது சந்தேகமோ அதற்கேற்ற மாதிரியைத்தான் எடுக்க வேண்டும். ஈயத்துக்கு இரத்தம். மீனிலிருந்து வரும் பாதரசத்துக்கும் இரத்தம். மருந்து, முகவெளுப்புக் களிம்பு வழியாக வரும் பாதரசத்துக்குச் சிறுநீர். ஆர்செனிக்குக்கும் சிறுநீர்தான், ஆனால் மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே மீன், இறால், கடற்பாசியை நிறுத்த வேண்டும். அவற்றில் உள்ள தீங்கற்ற ஆர்செனிக்கே அறிக்கையைக் கெடுத்துவிடும். மீன் குழம்பில் செய்யும் நூடுல்ஸான அசாம் லக்சாவைச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பவர்களை நாங்கள் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது. இரத்தத்தைக் கருநீல மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். உலோகக் கலப்பு இல்லாதபடி தயாரிக்கப்பட்ட குழாய் அது.

செந்தூரம் எல்லாமே பாதரசம் அல்ல; அயச்செந்தூரம் இரும்பு. அதனால் டப்பாவையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தென்றால் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் 'டி' (T) என்ற எழுத்து வரும் பதிவு எண் இருக்கும். ஊரிலிருந்து பையில் வந்த பொட்டலத்தில் அது இருக்காது. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

100 மில்லி இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரும்பாலானோருக்கு முதல் வைத்தியமே அதுதான். ஈயம் வரும் வழி அடைபட்டால் இரத்தத்தில் அதன் அளவு சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் எலும்பில் சேர்ந்தது மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மறுபடியும் சோதிக்கும் தேதியை அன்றே மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஐயம் இருந்தால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைத் தொலைபேசியில் கேட்கலாம்.